எஃப்எஃப்புரோபை நம்பி ஏமாறும் இடங்கள்

அத்தை மகன் கல்யாண வீடியோ பென் டிரைவில் வந்தது. அதை ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டு, டெர்மினலைத் திறந்து, வீடியோ, ஒலி ஃபைல்களின் விவரம் சொல்லும் எஃப்எஃப்புரோபில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். நீளம் 2 மணி 11 நிமிடம், படம் எச்.264, ஒலி ஏஏசி (இரண்டும் சுருக்கி வைக்கும் முறைகளின் பெயர்கள்), 1920×1080. குறை எதுவும் தெரியவில்லை. "நகல் சரியா இருக்கு அத்தை, பென் டிரைவை அழிச்சு வேற எதுக்காவது வெச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் டிவியில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். மாலை மாற்றி, ஊஞ்சலில் உட்கார்ந்து, மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறார். படம் அங்கேயே நின்றுவிட்டது. நகலெடுக்கும்போது கேபிள் ஆடியிருக்கிறது. பாதி ஃபைல்தான் வந்திருந்தது.

எஃப்எஃப்புரோப் பொய் சொல்லவில்லை. நான்தான் ஒன்றைக் கேட்டு, வேறொன்றுக்குப் பதில் கிடைத்ததாக நினைத்துக்கொண்டேன். 2000இல் ஃபாப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ, ஒலி மென்பொருள் திட்டத்தோடு சேர்ந்து வரும் கருவி இது. பெரும்பாலும் இது செய்வது, ஃபைல் தன்னைப் பற்றி எழுதி வைத்திருக்கும் குறிப்பைப் படித்துக் காட்டுவது. தொடக்கத்தில் கொஞ்சம் உள்ளேயும் எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். இதைப் பயன்படுத்துகிறவர்கள் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி, அந்தக் குறிப்பையே சரக்கு என்று எடுத்துக்கொள்வதால் வருபவை.

(கட்டளைகளை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில், நான் அடிக்கோடு போட்ட இடத்தில் அடிக்கோடோடு தட்டுங்கள்.)

தகவல் வந்துவிட்டால் ஃபைல் நல்ல ஃபைல்தான்

கல்யாண வீடியோவில் நடந்தது இதுதான். எம்பி4 ஃபைலில் 'மூவ்' என்று ஒரு பகுதி உண்டு. எந்த ஃப்ரேம் எங்கே இருக்கிறது, மொத்த நீளம் எவ்வளவு என்பதற்கான அட்டவணை அதில்தான் இருக்கும். கேமராவோ ஃபோனோ நேரடியாகப் பதியும்போது அது வழக்கமாகக் கடைசியில் எழுதப்படும். அப்படிப்பட்ட ஃபைல் பாதியில் அறுந்தால் எஃப்எஃப்புரோப் உடனே 'மூவ் ஆட்டம் நாட் ஃபவுண்ட்' என்று கத்திவிடும். ஆனால் இணையத்தில் ஓடுவதற்காகத் தயார் செய்த ஃபைல்களில் மூவ் முன்னால் நகர்த்தப்பட்டிருக்கும். பின்பாதி முழுக்கக் காணாமல் போனாலும் அட்டவணை பத்திரமாக இருப்பதால், கருவி முழு நீளத்தையும் அமைதியாகச் சொல்லும். எனக்கு வாய்த்தது அந்த வகை.

உற்றுப் பார்த்திருந்தால் அப்போதே பிடித்திருக்கலாம். முழு ஃபைலுக்கான பிட்ரேட்டை, அதாவது நொடிக்கு எவ்வளவு தரவு என்பதை, எஃப்எஃப்புரோப் எப்படிக் கணக்கிடுகிறது? டிஸ்க்கில் இருக்கும் ஃபைலின் அளவை நீளத்தால் வகுக்கிறது. எம்பி4இல் வீடியோ ஸ்ட்ரீமின் (ஃபைலுக்குள் படம் மட்டும் ஓடும் தடம்) பிட்ரேட்டோ அட்டவணையில் எழுதியிருக்கும் ஃப்ரேம் அளவுகளைக் கூட்டி வருவது. ஃபைல் பாதியாகிவிட்டால் முதல் எண் சரியும், இரண்டாவது அப்படியே நிற்கும். என் ஃபைலில் வீடியோ மட்டும் மொத்தத்தைவிட அதிக பிட்ரேட் காட்டியது. பகுதி முழுமையைவிடப் பெரிதாக எப்படி இருக்கும்? அந்த இரண்டு எண்களும் திரையில்தான் இருந்தன. நான் பார்க்கவில்லை.

ஃபைல் முழுதாக இருக்கிறதா என்று தெரிய வேண்டுமென்றால் முழுவதையும் டிகோட் செய்தாக, அதாவது சுருக்கியதை விரித்துப் பார்த்தாக, வேண்டும். அதற்கு எஃப்எஃப்புரோப் வேண்டாம், எஃப்எஃப்எம்பெக் வேண்டும்: 'எஃப்எஃப்எம்பெக் -வி எரர் -ஐ ஃபைல்பெயர் -எஃப் நல் -'. கடைசியில் இருக்கும் தனிக் கோட்டை மறந்துவிடாதீர்கள். இது எங்கேயும் எதையும் எழுதாது. முதல் ஃப்ரேமிலிருந்து கடைசி வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, இடறிய இடங்களை மட்டும் சொல்லும். இரண்டு மணி நேர வீடியோவுக்குக் காபி போட்டுக் குடிக்கும் நேரமாவது ஆகும். திரையில் ஒன்றும் வராமல் முடிந்தால் நல்லது.

கண்ணுக்குத் தெரிவது ஒன்று, குழாயில் போவது ஒன்று

ஃபைல் பெயரை மட்டும் கொடுத்து எஃப்எஃப்புரோபை ஓட்டினால் திரை நிறைய எழுத்து வருகிறது. அதை ஒரு டெக்ஸ்ட் ஃபைலுக்குத் திருப்பிப் பார்த்தால் ஃபைல் காலி. புதிதாக வருகிற எல்லோரும் இங்கே ஒரு தடவை தலையைச் சொறிவார்கள். அந்தச் சுருக்கம் வருவது பிழைச் செய்திகள் வரும் பாதையில். '-ஷோ_ஃபார்மேட்', '-ஷோ_ஸ்ட்ரீம்ஸ்' என்று வெளிப்படையாகக் கேட்கும் தகவல்தான் வழக்கமான வெளியீட்டுப் பாதையில் வரும்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் அடுத்து செய்வது இன்னும் மோசம். இரண்டு பாதைகளையும் ஒன்றாகச் சேர்த்து, 'டியூரேஷன்' என்ற சொல்லைத் தேடி, கமாவரை வெட்டி எடுத்து ஸ்கிரிப்டில் (தானாக ஓடும் சின்ன நிரலில்) வைக்கிறார்கள். அந்தச் சுருக்கம் மனிதர்கள் படிக்க எழுதியது. அதன் வடிவம் பதிப்புக்குப் பதிப்பு மாறலாம். ஸ்கிரிப்டுக்கு வேண்டியதை '-ஷோ_என்ட்ரீஸ்' கொண்டு பெயர் சொல்லிக் கேளுங்கள். '-ஓஎஃப் ஜேசன்' என்று சேர்த்தால் ஜேசனாகவே, அதாவது நிரல்கள் எளிதாகப் படிக்கும் பெயர்-மதிப்பு வடிவிலேயே, கொடுக்கும்.

சிஎஸ்வியாக (கமா போட்டுப் பிரித்த பட்டியலாக) வாங்குகிறவர்களுக்கு ஒரு குழி இருக்கிறது. நீங்கள் உயரம், அகலம் என்ற வரிசையில் கேட்டாலும் வருவது கருவியின் சொந்த வரிசையில்தான்: அகலம் முதலில், உயரம் அடுத்து. நான் ஒரு தடவை நூறு வீடியோக்களின் பட்டியலில் இரண்டையும் மாற்றி எழுதி வைத்திருந்தேன். ஜேசனில் இந்தத் தொல்லை இல்லை, வேறொன்று இருக்கிறது. அகலம் எண்ணாக வரும். நீளமும் பிட்ரேட்டும் மேற்கோளுக்குள் எழுத்தாக வரும். மாற்றாமல் ஒப்பிட்டால் "9" என்பது "10"ஐவிடப் பெரிதாகிவிடும்.

அப்புறம், இணையத்தில் கிடைக்கும் பல கட்டளைகளில் '-வி குவைட்' இருக்கிறது. அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஃபைலே இல்லாவிட்டாலும் ஒரு வெற்று அடைப்புக்குறியை மட்டும் நீட்டிவிட்டு, காரணத்தை விழுங்கிவிடும். '-வி எரர்' போடுங்கள்.

ஹார்லிக்ஸ் பாட்டிலில் துவரம்பருப்பு

நம் வீட்டுச் சமையலறையில் ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்து ஹார்லிக்ஸை எதிர்பார்ப்பவர் யாரும் இல்லை. உள்ளே பருப்பு இருக்கும், இல்லாவிட்டால் புளி. ஃபைல் விஷயத்தில் மட்டும் ஏனோ பெயரை நம்பிவிடுகிறோம். பெயரின் கடைசியில் எம்பி4 என்று இருந்தால் படம் எச்.264 என்று முடிவு கட்டுகிறார்கள். எம்பி4 என்பது பாட்டில், அதாவது கண்டெய்னர். உள்ளே எச்.265 இருக்கலாம், ஏவி1 இருக்கலாம். பழைய டிவியில் "ஒலி மட்டும் வருது, படம் வரல" என்ற புகாருக்கு அநேகமாக இதுதான் காரணம்.

எஃப்எஃப்புரோப் பெயரைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் உள்ளே பார்த்துத்தான் சொல்கிறது. ஆனால் அது சொல்வதையும் தப்பாகப் படிக்க முடியும். ஃபார்மேட் பெயர் என்ற இடத்தில் 'எம்ஓவி, எம்பி4, எம்4ஏ, 3ஜிபி, 3ஜி2, எம்ஜே2' என்று ஒரு நீண்ட வால் வரும். "என் எம்பி4 எப்படி எம்ஓவி ஆனது?" என்று பதற வேண்டாம். அது கருவிக்குள் இந்த ஃபைலைத் திறந்த பகுதியின் பெயர். அந்தக் குடும்பம் முழுவதையும் அதே பகுதிதான் திறக்கிறது. எந்த வகை என்று தெரிய வேண்டுமானால் 'மேஜர்_பிராண்ட்' என்ற குறிப்பைப் பாருங்கள்.

பாட்டு ஃபைலில் வீடியோ இருப்பதாகக் காட்டுவதும் இந்த வகைக் குழப்பம்தான். எம்பி3யின் அட்டைப் படம் ஒரு வீடியோ ஸ்ட்ரீமாகவே எண்ணப்படும். "வீடியோ ஸ்ட்ரீம் இருந்தால் இது வீடியோ" என்று எழுதிய ஸ்கிரிப்ட், பாட்டுகளை எல்லாம் வீடியோ ஃபோல்டருக்குத் தள்ளிவிடும். ஸ்ட்ரீமைத் தேர்ந்தெடுக்கும்போது சின்ன 'வி'க்குப் பதில் பெரிய 'வி' எழுத்தைப் போட்டால் அட்டைப் படங்களை விட்டுவிடும்.

எண்கள்

ஃபோனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த வீடியோ. எஃப்எஃப்புரோப் அகலம் 1920, உயரம் 1080 என்கிறது. படுக்கையாக எடுத்ததாக அர்த்தமில்லை. சென்சார் படுக்கையாகவே பதிகிறது. "காட்டும்போது 90 டிகிரி திருப்பு" என்று ஒரு குறிப்பை ஃபோன் சேர்த்து வைக்கிறது. பழைய பதிப்புகளில் அது 'ரொட்டேட்' என்ற டேகாக வந்தது, இப்போது 'சைடு டேட்டா' பகுதியில் 'ரொட்டேஷன்' என்று வருகிறது. பழைய டேகைத் தேடும் ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் தோற்கும். அதேபோல் எல்லாப் பிக்சலும் சதுரம் இல்லை. எச்டிவி (டேப்பில் பதியும் எச்டி வகை) கேமராவில் எடுத்தது 1440×1080 என்று இருக்கும். பிக்சலின் விகிதம் 4:3 என்பதால் திரையில் 1920×1080 ஆக விரியும். அந்த விகிதத்தைப் பார்க்காமல் அளவை மாற்றினால் எல்லோரும் ஒல்லியாகத் தெரிவார்கள். சிலருக்கு அதுவே பிடித்திருக்கலாம்.

ஃப்ரேம் ரேட் இரண்டு வரும். 'ஆர்_ஃப்ரேம்_ரேட்' என்பது எல்லா நேரக் குறிகளையும் துல்லியமாகக் காட்டப் போதுமான மிகக் குறைந்த வேகம் எது என்ற ஊகம். 'ஏவிஜி_ஃப்ரேம்_ரேட்' சராசரி. ஃபோன் வீடியோக்களில் வேகம் நிலையாக இருக்காது என்பதால் இரண்டும் வேறுபடும். டிவி ஒளிபரப்பிலிருந்து பதிந்த இன்டர்லேஸ் (ஒவ்வொரு ஃப்ரேமும் இரண்டு பாதிகளாக வரும்) வீடியோவில் முதலாவது 50 என்றும் இரண்டாவது 25 என்றும் வருவது உண்டு. எனக்குச் சராசரிதான் பயன்படுகிறது. இரண்டும் ஒத்துப்போகாதபோது ஃபைலைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பேன். 29.97 என்பது 30000/1001 என்று பின்னமாகவே வரும். ஒலி ஸ்ட்ரீமில் அதே இடத்தில் 0/0 இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு வகுத்தால் ஸ்கிரிப்ட் விழும்.

நீளமும் சில நேரம் ஊகம்தான். பிட்ரேட் மாறிக்கொண்டே இருக்கும் எம்பி3யில் முன்னால் இருக்க வேண்டிய குறிப்பு இல்லையென்றால், ஆரம்பத்தில் கண்ட பிட்ரேட்டை வைத்து மொத்த நீளத்தைக் கணக்குப் போடும். "இது தவறாக இருக்கலாம்" என்று எச்சரிக்கவும் செய்யும். ஆனால் அது பிழையல்ல, எச்சரிக்கை மட்டும்தான். மேலே நான் பரிந்துரைத்த '-வி எரர்' அதை மறைத்துவிடும்! புது இடத்திலிருந்து ஃபைல்கள் வந்தால் முதல் தடவை '-வி வார்னிங்' வைத்து ஓட்டுவது என் வழக்கம்.

ஃப்ரேம்களின் எண்ணிக்கை எம்பி4இல் உடனே கிடைக்கும். எம்கேவி என்ற இன்னொரு கண்டெய்னரில் 'என்/ஏ' (தகவல் இல்லை) என்று வரும். அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. '-கவுண்ட்_பேக்கெட்ஸ்' கொடுத்தால் முழு ஃபைலையும் படித்து எண்ணிச் சொல்லும்.

முகூர்த்த நேரமும் தமிழ் ஒலியும்

எப்போது எடுத்தது என்று சொல்லும் 'கிரியேஷன்_டைம்' யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். காலை 6 மணி முகூர்த்தத்தில் எடுத்தது 00:30 என்று தெரியும். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் சரி. ஆனால் நேர மண்டலமே தெரியாத கேமராக்கள் நம்மூர் நேரத்தையே யுடிசி என்று எழுதிவிடுகின்றன. எப்போது எடுத்தது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு கிளிப்பை வைத்துச் சரிபார்க்காமல் நூறு ஃபைல்களின் பெயரை மாற்றாதீர்கள்.

எம்கேவியில் தமிழ் ஒலி 'இஎன்ஜி', அதாவது ஆங்கிலம், என்று காட்டப்படுவதற்கு யாரும் தப்பாக எழுதியிருக்கத் தேவையில்லை. ஒன்றும் எழுதாமல் விட்டாலே போதும். மொழி குறிப்பிடாவிட்டால் ஆங்கிலம் என்பது அந்த ஃபார்மேட்டின் விதி. எனவே "தமிழ் ஒலி இல்லை" என்று ஃபைலை அழிக்கும் முன் ஒரு நிமிடம் காதால் கேட்டுவிடுங்கள்.

சின்னச் சின்னவை

டிவியிலிருந்து பதிந்த டிஎஸ் ஃபைலில் ஒரு ஒலி ஸ்ட்ரீம் தாமதமாகத் தொடங்கினால் அது பட்டியலிலேயே வராமல் போகலாம். கருவி இயல்பாக முதல் 50 லட்சம் பைட் அளவுக்குத்தான் துழாவும். '-புரோப்சைஸ்', '-அனலைஸ்டியூரேஷன்' இரண்டையும் ஏற்றிப் பாருங்கள்.

ஃபைல் பெயர் '10:30' என்பதுபோல் எண்ணும் முக்காற்புள்ளியுமாகத் தொடங்கினால், 10 என்பதை இணைய முகவரியின் முன்பகுதிபோல் நினைத்து, அப்படி ஒரு புரோட்டோகால் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடும். பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் சாய்கோடும் போட்டால் போதும்.

ஏதோ புரியவில்லை என்று எஃப்எஃப்புரோப் காட்டியதை அப்படியே நகலெடுத்துப் பொது இடத்தில் போட்டு உதவி கேட்பவர்கள் நிறையப் பேர். ஃபோனில் எடுத்த வீடியோவாக இருந்தால் அதில் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும் இருக்கக்கூடும். வீட்டு ஹாலில் குழந்தை ஆடியதை எடுத்த வீடியோ என்றால், அந்த எண்கள் உங்கள் வீட்டு வாசல்தான். 'லொகேஷன்' என்று தேடி, அந்த வரிகளை அழித்துவிட்டு மற்றதைப் போடுங்கள்.