மருத்துவர் பெயருக்குப் பின்னால் நிற்கும் எழுத்துகளைப் படிப்பது எப்படி?

மருந்துச்சீட்டின் தலைப்பில் மருத்துவரின் பெயரைத் தொடர்ந்து ஐந்தாறு பட்டங்கள் வரிசையாக நிற்கும்போது, அவற்றின் எண்ணிக்கையைக் கண்டு மலைப்பதைவிட மூன்று செய்திகளைத் தேடுவது பயன் தரும். அடிப்படைப் பட்டம் எது, அதற்கு மேல் எந்தத் துறையில் பயிற்சி பெற்றிருக்கிறார், அவற்றை எந்த நாட்டில் பெற்றார் என்பவையே அவை. மூன்றாவதைப் பலரும் பார்ப்பதில்லை; குழப்பம் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது.

எம்.டி. என்பதையே எடுத்துக்கொள்வோம். இந்தியாவில், நாலரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சிப் பணியும் சேர்ந்த எம்.பி.பி.எஸ்.ஸை முடித்தவர் மேலும் மூன்றாண்டு படித்துப் பெறும் முதுநிலைப் பட்டம் அது. அமெரிக்காவிலோ அது முதல் மருத்துவப் பட்டம். அதைப் பெற்றவர் 'ரெசிடென்சி' எனப்படும் மருத்துவமனைப் பயிற்சியை முடித்த பிறகே சிறப்பு மருத்துவராகிறார். அந்தப் பயிற்சி குழந்தை நலத்துக்கு மூன்றாண்டு, பொது அறுவைக்கு ஐந்தாண்டு, மூளை நரம்பு அறுவைக்கு ஏழாண்டு நீளும். ரஷ்யா போன்ற நாடுகளில் பள்ளிப் படிப்பு முடிந்ததும் சேர்ந்து பெறும் எம்.டி.யும் முதல் பட்டமே. இந்தியாவில் அது எம்.பி.பி.எஸ்.ஸுக்கு இணையானதே தவிர, இந்திய எம்.டி.க்கு இணையானதன்று. டி.ஓ. இன்னும் வேடிக்கையானது. இந்தியாவில் அது கண் மருத்துவப் பட்டயம், அமெரிக்காவிலோ எம்.டி.யைப் போலவே முழு மருத்துவ உரிமை தரும் ஆஸ்டியோபதி (எலும்பு, தசை அமைப்பில் தனிக் கவனம் செலுத்தும் முறை) மருத்துவப் பட்டம்.

அடுத்ததாக, பட்டத்தை ஒட்டியுள்ள அடைப்புக்குறிக்குள் பாருங்கள். 'எம்.டி. (பொது மருத்துவம்)', 'எம்.டி. (நோய்க்குறியியல்)', 'எம்.டி. (மயக்கவியல்)' ஆகிய மூன்றும் ஒரே தகுதியுடைய முதுநிலைப் படிப்புகள்தாம் என்றாலும், நாள்பட்ட சர்க்கரை நோய்க்கு நீங்கள் நாட வேண்டியவர் முதலாமவர். துறைப்பெயர் இல்லாமல் வெறுமனே எம்.டி. என்று மட்டும் இருந்தால், எந்தத் துறை என்று கேட்டுவிடுவதில் தவறேதும் இல்லை. எம்.எஸ். என்பது பொது அறுவை, எலும்பு, கண், காது மூக்கு தொண்டை போன்ற அறுவைத் துறைகளுக்குரியது. டி.என்.பி. என்பது தேசியத் தேர்வு வாரியம் வழங்கும், இவற்றுக்கு நிகரான தகுதி.

இவற்றுக்கும் மேலே மூன்றாண்டுப் படிப்பாக டி.எம்., எம்.சிஎச். ஆகியவை உள்ளன. முன்னது மருந்தால் குணப்படுத்தும் பிரிவுகளுக்கும் பின்னது அறுவைப் பிரிவுகளுக்கும் உரியவை. ஒரே உறுப்புக்கு இருவகை மருத்துவர் இருப்பதால் இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது அலைச்சலைக் குறைக்கும். சிறுநீர்க் குழாயில் கல் அடைத்து வலியால் துடிப்பவருக்குத் தேவைப்படுபவர் யூராலஜி எம்.சிஎச். முடித்தவர், சர்க்கரை நோயால் சிறுநீரகம் செயலிழந்து வருபவரையும் டயாலிசிஸில் இருப்பவரையும் பார்ப்பவர் நெஃப்ராலஜி டி.எம். முடித்தவர். இதய ரத்தக்குழாய் அடைப்பில் ஸ்டென்ட் வைப்பவர் டி.எம். முடித்த இதயவியல் மருத்துவர். பைபாஸ் செய்பவர் எம்.சிஎச். முடித்த இதய அறுவை மருத்துவர்.

பிரிட்டிஷ் எழுத்துகளில் கூடுதல் கவனம் வேண்டும். எம்.ஆர்.சி.பி. என்பது ராயல் மருத்துவர் கல்லூரி என்னும் தொழில் அமைப்பின் உறுப்பினர் தகுதி; அது தேர்வெழுதிப் பெறுவது, ஆயினும் அது பயிற்சியின் நடுவே கடக்கும் படியேயன்றி முடிவன்று. அதே அமைப்பின் 'ஃபெலோ' என்பதைக் குறிக்கும் எஃப்.ஆர்.சி.பி.யோ தேர்வன்று, அனுபவமுள்ள மருத்துவரைச் சக மருத்துவர்கள் தேர்ந்தெடுத்து அளிக்கும் மதிப்பு. அங்கே அறுவை மருத்துவர்கள் பலர் 'டாக்டர்' என்பதற்குப் பதில் 'மிஸ்டர்' என்றே அழைக்கப்படுவதைக் கண்டு ஐயப்பட வேண்டாம். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமல் தொழில் பழகிய பழைய அறுவையாளர்களின் காலத்திலிருந்து தொடரும் வழக்கம் அது.

சங்க உறுப்பினர் என்பதைக் குறிக்கும் எழுத்துகளும், சில வாரப் பயிற்சிக்குத் தரப்படும் சான்றிதழ்களும் வரிசையை நீட்டுமே தவிர, சிறப்புத் தகுதி ஆகமாட்டா. 'ஃபெலோஷிப்' என்ற சொல் ஈராண்டுப் பயிற்சியையும் குறிக்கலாம், வார இறுதி வகுப்பையும் குறிக்கலாம் என்பதால், கால அளவு தெரியாமல் அதற்கு மதிப்பிட முடியாது. மருந்து எழுதித் தரும் மனநல மருத்துவரும் பேச்சுவழிச் சிகிச்சை தரும் உளவியலாளரும் வெவ்வேறு படிப்பு படித்தவர்கள் என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம்.

இறுதியாக, மருத்துவராகத் தொழில் செய்ய அவர் பெற்றுள்ள பதிவை உறுதி செய்யுங்கள். இந்தியாவில் 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, மருத்துவர் தமது பதிவு எண்ணை மருத்துவ அறையிலும் மருந்துச்சீட்டிலும் ரசீதிலும் குறிப்பிட வேண்டும். ஒரு துறையில் தனித் தகுதி பெறாதவர் அத்துறையின் சிறப்பு மருத்துவர் என்று சொல்லிக்கொள்ளவும் கூடாது. பிரிட்டனில் மருத்துவர்களைப் பதிவு செய்யும் பொது மருத்துவக் கழகத்தின் பதிவேட்டை இணையத்தில் எவரும் பார்க்கலாம். சிறப்பு மருத்துவர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். அமெரிக்காவில் தொழில் உரிமத்தை மாநிலம் தருகிறது, சிறப்புத் தகுதியைத் துறை வாரியம் தருகிறது என்பதால் இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும். தேடும்போது பெயரைவிடப் பதிவு எண்ணைக் கொண்டு தேடுவதே நல்லது. ஒரே பெயரும் ஒரே முன்னெழுத்தும் உடைய மருத்துவர்கள் பலர் இருப்பார்கள்.