சுற்றுச்சூழல் சட்டங்களின் வருடம் மறந்துபோகிறதா?

யுபிஎஸ்சியோ குரூப் 1-ஓ, எதற்குப் படித்தாலும் சரி, சுற்றுச்சூழல் சட்டங்களை வெறும் வருடமாக மனப்பாடம் செய்யாதீர்கள், எது எதனால் வந்தது என்று கோத்துப் படியுங்கள். 1972 ஜூனில் ஸ்டாக்ஹோமில் ஐ.நா.வின் சுற்றுச்சூழல் மாநாடு. அந்தத் தொடர்ச்சியில்தான் 1976-ல் 42-வது திருத்தம் வழியாக 48ஏ (சுற்றுச்சூழலைக் காப்பதில் அரசின் பொறுப்பு), 51ஏ(ஜி) (அதே விஷயத்தில் குடிமக்களின் கடமை) ஆகிய பிரிவுகள் அரசமைப்புக்குள் வந்தன, 1981-ல் காற்று மாசுத் தடுப்புச் சட்டமும் வந்தது. 1984 டிசம்பரில் போபால் விஷவாயு, 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். 1992-ல் ரியோவில் ஐ.நா.வின் புவி உச்சி மாநாடு, 2002-ல் பல்லுயிர்ச் சட்டம்.

அப்புறம், இந்தச் சட்டங்களின் முகவுரைகளைக் கட்டாயம் வாசித்துவிடுங்கள், அரைப் பக்கம்கூட இருக்காது. 1986 சட்டத்தைத் தூண்டியது போபால், ஆனால் அதன் முகவுரை பெயர் சொல்வது ஸ்டாக்ஹோமைத்தான். குழம்புவது இந்த இடத்தில்தான். ஒரே தாளில் இடப்பக்கம் நிகழ்வு, வலப்பக்கம் சட்டம், நடுவில் ஒரு அம்புக்குறி போட்டு மேசைக்கு எதிரே ஒட்டிவையுங்கள்.