ஈ46 எம்3: பின் சஸ்பென்ஷன் புஷ், லிங்க் மாற்றுவது எப்படி

நெடுஞ்சாலையில் நல்ல வேகத்தில் போகும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் காரின் பின்பக்கம் லேசாக நெளிகிறதா? ஸ்டியரிங்கை நீங்கள் திருப்பவே இல்லை, ஆனாலும் வால் ஆடுகிறது. பலர் முதலில் டயரைச் சந்தேகப்படுவார்கள், அப்புறம் அலைன்மென்ட் கடைக்குப் போவார்கள். பிஎம்டபிள்யூ ஈ46 எம்3 வைத்திருப்பவர்கள் அதற்கு முன் பார்க்க வேண்டியது, கைக்குள் அடங்கும் ஒரு ரப்பர் உருளையை. டிரெய்லிங் ஆர்மின் முன் முனையில் இருக்கும் புஷ் அது.

2000 முதல் 2006 வரை வந்த இந்தக் காரில் ஒவ்வொரு பின் சக்கரத்தையும் மூன்று கைகள் பிடித்திருக்கின்றன. முன்பின்னாகக் கிடக்கும் பெரிய டிரெய்லிங் ஆர்ம் ஒன்று. குறுக்கே மேலே ஒரு லிங்க், கீழே ஒரு லிங்க். சக்கரம் மேலும் கீழும் போகும்போது குறுக்கே இருக்கும் இரண்டும் டிரெய்லிங் ஆர்மைப் பக்கவாட்டிலும் இழுக்கும். அதனால் முன் முனையில் இருக்கும் புஷ் சுழலவும் வேண்டும், கொஞ்சம் சாயவும் வேண்டும். ரப்பர் கிழிந்தால் டோ கோணம், அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு, ஓடும்போதே மாறிக்கொண்டிருக்கும். அந்த நெளிவு அதிலிருந்துதான் வருகிறது.

எந்த புஷ் வாங்குவது?

புதிதாக இந்த வேலையில் இறங்குகிறவர்கள் கெட்டியான பாலியூரிதேன் வாங்கினால்தான் அப்கிரேட் என்று நினைக்கிறார்கள். வேறு இடங்களில் அது சரியாக இருக்கலாம். இந்த ஒரு இடத்தில் வேண்டாம். பாலியூரிதேன் சுழலும், ஆனால் பக்கவாட்டில் சாய மறுக்கும். சாய முடியாத புஷ் கையைப் பிடித்து வைக்கும், சஸ்பென்ஷன் தாராளமாக அசையாது. சாலையில் ஓடும் காருக்கு என் தேர்வு ஒரிஜினல் ரப்பர் புஷ், அதன் இருபுறமும் லிமிட்டர் வளையங்கள். வளையம் பக்கவாட்டு நகர்வை மட்டும் அடக்கும், சுழற்சியைத் தொடாது. டிராக்கில் மட்டும் ஓட்டுபவர்கள் உள்ளே உலோகப் பந்து உள்ள மோனோபால் போடலாம். சத்தம் கூடும், அழுக்கு புகுந்தால் சீக்கிரம் தேயும்.

காசு கொடுப்பதற்கு முன் இன்னொன்றையும் பாருங்கள். ஈ46 கார்களில் பின் சப்ஃபிரேம் (பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் உலோகச் சட்டம்) மாட்டியிருக்கும் தரைத் தகடு விரிசல் விடுவது எல்லோரும் அறிந்த குறை. நான்கு மவுன்ட் இடங்களையும் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். விரிசல் தெரிந்தால் முதல் செலவு வெல்டிங்குக்குத்தான், புஷ் காத்திருக்கட்டும்.

தேவையானவை

ஜாக்கி, இரண்டு நல்ல ஜாக் ஸ்டாண்ட், டார்க் ரென்ச், சாக்கெட் செட், நீளமான பிரேக்கர் பார், துரு இளக்கும் ஸ்பிரே, வெள்ளை பெயின்ட் பேனா, இந்த புஷ்ஷுக்கென்றே விற்கும் இழுவைக் கருவி. கருவியை வாடகைக்கு எடுத்தாலும் போதும். சுத்தியலால் அடித்து எடுக்கப் பார்த்தால் அரை நாள் போகும், புஷ் உட்காரும் ஆர்மின் துளையும் கெடும்.

முதல் வேலை: கோடு போடுவது

அவசரப்பட்டு சக்கரத்தைக் கழற்றாதீர்கள். புஷ்ஷின் ரப்பர் நடுவில் உள்ள உலோகக் குழலோடு ஒட்டியிருக்கும். போல்ட்டை இறுக்கினால் குழல் அந்த நிலையிலேயே பூட்டிக்கொள்ளும், அதன் பிறகு ரப்பர் முறுக்கிக்கொண்டுதான் கை அசையும். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், கார் தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுக்கிலேயே இருக்கும். என் காரில் முதல் முறை அப்படித்தான் இறுக்கினேன். ஒரு வருடத்துக்குள் புது ரப்பரில் அரை வட்டமாக விரிசல் ஓடியிருந்தது, விரலால் அமுக்கினால் வாய் திறந்தது.

சரி, எப்படிச் செய்வது? புஷ்ஷைத் தாங்கும் உலோகத் தாங்கிதான் கன்சோல்; அதைக் காரின் உடம்போடு பிடிக்கும் மூன்று போல்ட்டுகள் தெரியும். புஷ்ஷின் குழல் வழியாகப் போகும் நடு போல்ட்டோ, கன்சோல் மேலே ஏறிய பிறகு வசதியாகக் கைக்கு வராது. எனவே கன்சோலைக் கழற்றிய நிலையில்தான் அதை இறுக்க வேண்டும், அதற்குச் சரியான கோணம் முன்பே தெரிய வேண்டும். பின் சக்கரங்களை அகலமான மரப்பலகைகள் மேல் ஏற்றி, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். காரின் எடை முழுவதும் சக்கரத்தின் மேல் இருக்கும்போதே, பக்கவாட்டிலிருந்து உங்கள் கையை நீட்டி கன்சோல் மேலும் டிரெய்லிங் ஆர்ம் மேலும் சேர்ந்தாற்போல் ஒரே நேர்க்கோடு போடுங்கள். பழைய புஷ் கிழிந்திருந்தாலும் கவலை இல்லை. கோணத்தைத் தீர்மானிப்பது காரின் உயரம். ஸ்பிரிங் மாற்றித் தாழ்த்திய காரென்றால் இது இன்னும் முக்கியம், கம்பெனிக் கோணம் உங்களுக்குப் பொருந்தாது.

அதோடு கன்சோலைச் சுற்றி உடம்பின் மேலும் ஓரம் பிடித்து வரையுங்கள். பின் டோ கோணம் அந்தக் கன்சோல் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. ஸ்பிரே அடித்தால் கோடு கரைந்து ஓடிவிடும், அதனால் முதலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கழற்றுவது

ஹேண்ட்பிரேக் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கிறது, பின்பக்கம் தூக்கிய பிறகு அதனால் பயன் இல்லை. முன் சக்கரக் கட்டைகள் இருக்கட்டும். ஸ்டாண்டில் ஏற்றியதும் காரை ஒரு தடவை அழுத்தமாகத் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் கீழே போகாதீர்கள்.

சக்கரத்தைக் கழற்றி, பிரேக் குழாயையும் பேட் சென்சார் ஒயரையும் பிடித்திருக்கும் கிளிப்புகளை விடுவியுங்கள். டிரெய்லிங் ஆர்மின் பின்முனைக்கு ஜாக்கியை முட்டுக் கொடுத்துவிட்டு ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டை எடுங்கள். ஸ்பிரிங் கீழ் லிங்க்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஜாக்கியை மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். ஸ்பிரிங் எகிறக்கூடிய பக்கம் முகத்தை வைக்காதீர்கள். பிரேக் ஹோஸ் விறைத்தால் நிறுத்திவிட்டு, எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள்.

அப்புறம் கன்சோலின் மூன்று போல்ட்டுகள். ஆர்ம் கீழே இறங்கும், நடு போல்ட்டை எடுத்தால் கன்சோல் தனியாக வரும்.

புது புஷ்

பழையதை எடுப்பதற்கு முன் அது எந்தப் பக்கம் பார்க்கிறது, எவ்வளவு வெளியே நீட்டியிருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். கருவியால் இழுத்த பிறகு துளையின் துருவை மெல்லிய உப்புத்தாளால் தேயுங்கள். புதியதை ஏற்ற சோப்புத் தண்ணீர் போதும். எஞ்சின் எண்ணெய், சாதாரண கிரீஸ் இரண்டும் ரப்பரை ஊதவைக்கும். நேராக நுழைகிறதா என்று ஒவ்வொரு திருகலுக்கும் பாருங்கள், சாய்ந்தால் வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள். முடிவில் இருபுறமும் ஒரே அளவு நீட்டியிருக்க வேண்டும்.

இருபுறமும் லிமிட்டர் வளையம் வைத்து கன்சோலை மாட்டுங்கள். நீங்கள் போட்ட கோடு நேராகச் சேரும்வரை கன்சோலைத் திருப்பி, அங்கேயே பிடித்துக்கொண்டு நடு போல்ட்டை 110 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். இங்கே இன்னொரு ஜோடிக் கை இருந்தால் நல்லது. நான் கன்சோலைப் பிடித்துக்கொள்வேன், தம்பி ரென்ச்சை இழுப்பான். பின்பு கன்சோலை உடம்பில் வரைந்த ஓரத்துக்குள் பொருத்தி, மூன்று போல்ட்டுகளும் 77 நியூட்டன் மீட்டர்.

லிங்க் எப்போது?

தாழ்த்திய காரில் பின் சக்கரம் மேல்பக்கம் உள்ளே சாயும், டயரின் உள்விளிம்பு தேயும். இந்தச் சாய்வுதான் கேம்பர். கீழ் லிங்க்கில் உள்ள எக்சென்ட்ரிக் போல்ட்டை (திருப்பினால் கேம்பரை மாற்றும் போல்ட்) கடைசிவரை திருப்பியும் கேம்பர் சரியாக வராவிட்டால்தான் நீளம் மாற்றக்கூடிய லிங்க் வாங்க வேண்டும். ஸ்பிரிங் உட்கார இடமுள்ள வகையா என்று கவனித்து வாங்குங்கள், கீழே அது இல்லாமல் முடியாது. பழைய லிங்க்கின் பக்கத்தில் வைத்து, துளைக்குத் துளை அதே நீளம் வைத்து மாட்டுங்கள். ரப்பர் முனை எதுவானாலும் கார் தன் எடையில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு.

மாட்டியதும் நேராக அலைன்மென்ட் கடைக்கு மெதுவாக ஓட்டிப் போங்கள். முதலில் கேம்பர், பிறகு டோ. ஒன்றை மாற்றினால் மற்றதும் நகரும். சாலைக்கு நான் வைப்பது கழித்தல் 1.5 டிகிரிக்குப் பக்கத்தில் கேம்பர், இருபுறமும் சமமாகக் கொஞ்சம் டோ-இன் (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளே திரும்பியிருப்பது). சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு கீழே படுத்து எல்லா போல்ட்டுகளையும் ரென்ச்சால் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். கன்சோலின் ஓரம் வெள்ளைக் கோட்டிலிருந்து விலகியிருந்தால், அது நழுவியிருக்கிறது.