பள்ளியில் கோடிங், ரோபாட்டிக்ஸ்: தொடக்கத்திலேயே தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பள்ளி கோடிங், ரோபாட்டிக்ஸ் வகுப்புகளைத் தொடங்க முடிவெடுத்ததும் முதலில் தயாராவது பெரும்பாலும் வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியல்தான். எத்தனை டேப்லெட், எந்த நிறுவனத்தின் கிட், ஸ்மார்ட் போர்டு எந்தச் சுவரில் என்பதெல்லாம் பேசி முடித்த பிறகே, எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஆண்டு முடிவில் எதைத் தானாகச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கேள்வி எழுகிறது. சில இடங்களில் அது எழுவதே இல்லை. இப்படித் தொடங்கும் வகுப்புகளில் நேரும் தவறுகள் பலவகை. ஆயினும் அவற்றுள் பெரும்பாலானவை ஓரிடத்தில் வந்து சேர்கின்றன: தான் எழுதிய நிரல் ஏன் வேலை செய்யவில்லை என்று மாணவர் பொறுமையாகத் தேடும் நேரத்தை அவை ஏதோ ஒரு விதத்தில் பறித்துவிடுகின்றன. இந்தப் பாடத்தில் கற்றலின் பெரும்பகுதி அந்த நேரத்தில்தான் நிகழ்கிறது என்பதால், அந்த இழப்பைச் சிறியதாகக் கருத முடியாது.

வாங்கிவிட்டால் போதும் என்ற எண்ணம்

‘ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ என்ற உலகளாவிய திட்டத்தின் கீழ் பெரு நாடு லட்சக்கணக்கான மடிக்கணினிகளைப் பள்ளிகளுக்கு வழங்கியது. அங்கே 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளை ஆராய்ந்து, இன்டர்-அமெரிக்கன் டெவலப்மென்ட் பேங்க் 2012-இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. திட்டம் நடைமுறைக்கு வந்த பள்ளிகளில், மாணவர் ஒருவருக்கு 0.12 என்றிருந்த கணினிகளின் விகிதம் 1.18 ஆக உயர்ந்திருந்தது. ஆனால் கணக்கிலும் மொழிப்பாடத்திலும் அதனால் முன்னேற்றம் ஏற்பட்டதற்கான சான்று கிடைக்கவில்லை. பொதுவான அறிதிறன் சோதனைகளில் மட்டும் ஓரளவு நல்ல விளைவு தெரிந்தது. கணினியே வேண்டாம் என்பதற்கு இது வாதமாகாது. கருவி வந்து சேர்வதும், அதைக் கொண்டு எந்தப் பாடத்தை எப்படி நடத்துவது என்று ஆசிரியருக்குத் தெரிவதும் வெவ்வேறு வேலைகள். இரண்டாவதற்குத் தனியாகக் காலமும் பணமும் ஒதுக்கியாக வேண்டும்.

விற்பனையாளர் வந்து ஒரு நாள் நடத்திக் காட்டும் விளக்கத்தை ஆசிரியர் பயிற்சி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த ஒரு நாளில் எல்லாம் சரியாகவே இயங்கும். வகுப்பில் அப்படி இயங்காது. முதல் பருவத்துக்குரிய எல்லாப் பயிற்சிகளையும் ஆசிரியர் அதே கருவிகளைக் கொண்டு தாமே ஒருமுறை செய்து பார்ப்பதும், வேண்டுமென்றே ஒரு வயரைக் கழற்றிவிட்டு என்ன நேர்கிறது என்று கவனிப்பதும், எந்தச் சான்றிதழ்ப் பயிற்சியைவிடவும் கைகொடுக்கும்.

கருவியின் ஆயுளைப் பற்றியும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். 1998-இல் வெளிவந்து பல நாடுகளின் பள்ளிகளில் இடம்பிடித்த லெகோ மைண்ட்ஸ்டார்ம்ஸ் ரோபோ கிட் வரிசை 2022-ஆம் ஆண்டோடு நிறுத்தப்பட்டது. இணையப் பக்கங்களில் அசைபடங்களையும் விளையாட்டுகளையும் இயக்கிவந்த ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவு 2020 டிசம்பரில் முடிந்தபோது, அதை நம்பி உருவாக்கப்பட்டிருந்த எண்ணற்ற வகுப்பறைப் பாடங்கள் திறக்காமல் போயின. ஒரே நிறுவனத்தின் செயலி இல்லாவிட்டால் அசையாத கிட்டைவிட, உதிரிப் பாகங்கள் எளிதாகக் கிடைக்கும், வேறு மென்பொருள்களிலும் இயங்கும் கருவி பாதுகாப்பானது. இணையம் இல்லாதபோது என்ன செய்வது என்பதற்கும் விடை இருக்க வேண்டும். கட்டளைக் கட்டங்களை இழுத்துப் பொருத்தி நிரல் எழுத உதவும் ஸ்கிராட்ச் போன்ற மென்பொருள்களைக் கணினியில் நிறுவி இணையமில்லாமலே பயன்படுத்தலாம் என்பது பல பள்ளிகளுக்குத் தெரிவதே இல்லை.

படத்தைப் பார்த்துப் பூட்டும் ரோபோ

கிட்டோடு வரும் செய்முறைத் தாளைப் பார்த்து, படத்தில் உள்ளபடி பாகங்களைப் பூட்டி, கொடுக்கப்பட்ட நிரலை அப்படியே ஏற்றினால், ஒரே மாதிரியான பதினைந்து ரோபோக்கள் வரிசையாக ஓடும். கண்காட்சிக்கு வரும் பெற்றோர் மகிழ்வார்கள். ஆனால் அந்த மாணவர்களில் ஒருவரிடம், “தடையைக் கண்டதும் வலப்பக்கம் திரும்புகிறதே, இதை இடப்பக்கம் திரும்பச் செய்” என்று சொல்லிப் பாருங்கள். நிரலில் எந்த வரியைத் தொட வேண்டும் என்று தெரியாமல் அவர் விழித்தால், அவர் கற்றுக்கொண்டது பாகங்களைப் பூட்டும் வேலையை மட்டுமே.

செய்முறைத் தாளே கூடாது என்பதில்லை. தொடக்க நிலையில் இருப்பவரிடம் வெறும் திரையைக் கொடுத்து “நீயே கண்டுபிடி” என்று விட்டுவிடுவதும் அதே அளவு தவறு. பிரிட்டனில் சூ சென்டன்ஸ் முதலானோர் வளர்த்தெடுத்த ‘பிரிம்’ என்ற முறை இந்த இரண்டுக்கும் நடுவே செல்கிறது. இயங்கும் சிறிய நிரல் ஒன்றைக் கொடுத்து, அது என்ன செய்யும் என்று முதலில் ஊகிக்கச் சொல்வது, பிறகு இயக்கிப் பார்ப்பது, ஊகம் எங்கே பிசகியது என்று ஆராய்வது, சிறிது மாற்றுவது, கடைசியில் சொந்தமாக ஒன்றை உருவாக்குவது. இவற்றில் மிக எளிதாக விடுபட்டுப்போவது ஊகிக்கும் படிதான், ஏனெனில் இயக்கு பொத்தான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஊகத்தைத் தாளில் எழுதிய பிறகே இயக்கலாம் என்ற ஒரு விதியை வைத்தாலே வகுப்பின் போக்கு கணிசமாக மாறும்.

மவுஸைப் பிடுங்கும் கை

ஸ்கிராட்சில் விளையாட்டு ஒன்றை உருவாக்கும் மாணவர் அனைவரும் எப்படியும் சந்திக்கும் ஒரு பிழை உண்டு. பூனை பந்தைத் தொட்டால் மதிப்பெண் 1 கூட வேண்டும். அதற்காக, முடிவில்லாமல் சுழலும் லூப்புக்குள் “தொட்டால் மதிப்பெண்ணை 1 கூட்டு” என்று வைத்திருப்பார்கள். இயக்கிப் பார்த்தால் ஒரே தொடுதலில் மதிப்பெண் 12, 15 என்று எகிறும். கணினிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று மாணவர் கையை உயர்த்துவார். ஸ்கிராட்சில் அந்த லூப் வினாடிக்கு ஏறத்தாழ 30 முறை சுழல்கிறது. ஆகவே அரை வினாடி நேரம் தொட்டுக்கொண்டிருந்தாலே பதினைந்து முறை கூட்டப்பட்டுவிடும். அவசரத்தில் இருக்கும் ஆசிரியர் மவுஸை வாங்கி, தொட்டதும் பந்து வேறிடத்துக்குப் போகும்படி ஒரு கட்டளையைச் சேர்த்துவிட்டு அடுத்த மேசைக்குச் செல்வார். விளையாட்டு சரியாகிவிடும். ஆனால் லூப் என்பது நாம் நினைக்கும் வேகத்தில் சுழல்வதில்லை என்ற அரிய பாடம் அந்த மாணவருக்குக் கிடைக்காமலே போய்விடும்.

அந்த இடத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை: நீ என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தாய்? என்ன நடந்தது? தொட்டுக்கொண்டே இருந்தால் எண் எப்படி மாறுகிறது, தொட்டவுடன் விலகினால் எப்படி மாறுகிறது? லூப்புக்குள் ஒரு வினாடி காத்திருக்கும் கட்டளையைப் போட்டால் என்ன ஆகிறது? இவற்றுக்கு மாணவர் விடை தேடும்போது ஆசிரியரின் கைகள் பின்னால் கட்டியிருப்பதே நல்லது. முப்பது பேர் கொண்ட வகுப்பில் இது நடக்குமா என்ற ஐயம் நியாயமானதுதான். ஆனால் பிழைகளை ஆசிரியரே திருத்தித் தருவார் என்று தெரிந்த வகுப்பில்தான் உயரும் கைகளின் எண்ணிக்கை குறையாமல் இருக்கிறது.

இதோடு சேர்ந்த இன்னொன்று, கணினி நம் கருத்தைப் புரிந்துகொள்ளும் என்று மாணவர் மனத்தில் ஊறியிருக்கும் நம்பிக்கை. ராய் பீ என்ற ஆய்வாளர் 1986-இல் இதைத் தொடக்கநிலைப் பிழைகளுக்கெல்லாம் மூலமான பெரும்பிழை என்று விவரித்தார். நாம் சொல்ல நினைத்ததை எந்திரம் ஊகித்துக்கொள்ளும் என்று மாணவர்கள் தம்மையறியாமலே கருதுகிறார்கள். “ரோபோவுக்குத் தெரியும்”, “அது யோசிக்கிறது” என்றெல்லாம் ஆசிரியர் இயல்பாகப் பேசுவதும் இதற்கு உரமிடுகிறது. கணினியைத் தொடாமல், ஒரு மாணவர் ரோபோவாக நடிக்க, மற்றவர்கள் தாளில் எழுதிய கட்டளைகளை அவர் எழுத்துப் பிசகாமல் பின்பற்றும் விளையாட்டை ஒருமுறை நடத்தினால் போதும். சுவரில் போய் முட்டியதும் விடுபட்ட கட்டளை எது என்று வகுப்பே சொல்லிவிடும்.

காலையில் 90 பாகை, மாலையில் 70

ரோபாட்டிக்ஸில் நிரல் சரியாக இருந்தும் ரோபோ தவறாக ஓடும். இந்த வேறுபாட்டைச் சொல்லித்தராமல் விடுவதே இத்துறையின் மிகப் பெரிய குறை என்று சொல்லத் தோன்றுகிறது.

ரோபோ செங்கோணத்தில் திரும்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இடது மோட்டார் முன்னோக்கியும் வலது மோட்டார் பின்னோக்கியும் 600 மில்லிவினாடி சுழலட்டும் என்று மாணவர் எழுதுகிறார். காலையில் கச்சிதமாகத் திரும்புகிறது. மாலையில் பேட்டரி இறங்கியிருப்பதால் மோட்டாரின் வேகம் குறைந்து 70 பாகையோடு நின்றுவிடுகிறது. உடனே 600-ஐ 750 ஆக மாற்றுகிறார்கள். மறுநாள் சார்ஜ் ஏற்றிய பேட்டரியில் ரோபோ தேவைக்கு மேல் திரும்புகிறது. இப்படி எண்ணை ஏற்றி இறக்கியே பல வாரங்களை ஓட்டும் அணிகள் உண்டு. நேரத்தை அளந்தால் கோணத்தை அளந்ததாகாது என்பதே இங்கே புரிய வேண்டியது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணும் என்கோடரையோ, திரும்பிய கோணத்தைக் கணிக்க உதவும் கைரோ சென்சாரையோ பார்த்துப் பார்த்து நிறுத்தினால்தான், பேட்டரி இறங்கினாலும் திருப்பம் பெரிதாகப் பிசகாது. கட்டுப்பாட்டுப் பொறியியலின் அடிப்படைக் கருத்தே இதுதான். அது ஏழாம் வகுப்பு மாணவரின் கையில் தானாக வந்து விழுகிறது. எண்ணை மாற்றி அனுப்பிவிடும் ஆசிரியர் அதைத் தட்டிவிடுகிறார்.

மின்சுற்றுப் பிழைகளுக்கும் இதே கவனம் தேவை. சென்சார்களையும் மோட்டார்களையும் கட்டுப்படுத்தும் சிறிய மின்னணுப் பலகையான ஆர்டுயினோ ஊனோ ஆர்3 போர்டின் ஒரு பின்னிலிருந்து (இணைப்பு முனையிலிருந்து) 40 மில்லிஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் எடுக்கக் கூடாது. சிறிய மோட்டாருக்கே நூற்றுக்கணக்கான மில்லிஆம்பியர் தேவைப்படலாம். மோட்டாரை நேரடியாகப் பின்னில் இணைத்தால் போர்டு பழுதாகும், ஆகவே மோட்டாருக்குத் தேவையான மின்னோட்டத்தைத் தரும் மோட்டார் டிரைவர் என்ற சுற்று இடையில் வேண்டும். மோட்டாருக்குத் தனி பேட்டரி வைத்தால் போர்டு, பேட்டரி இரண்டின் கிரவுண்டையும் (மின்னோட்டம் திரும்பும் பொது முனையையும்) ஒன்றாக இணைக்க வேண்டும். ஒலியால் தூரத்தை அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார் திரைச்சீலை போன்ற மென்மையான பரப்பில் தடுமாறும். கோட்டைத் தொடர உதவும் அகச்சிவப்பு சென்சார் சன்னலோர வெயிலில் குழம்பும். லித்தியம் பேட்டரிகளை மாணவர் பொறுப்பில் கழற்றி மாட்ட விடவே கூடாது. ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும். ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியே சோதித்த பிறகே ஒன்றாக இணைப்பது என்ற பழக்கம் முதல் வாரத்திலேயே வர வேண்டும். இல்லாவிட்டால் தவறு வயரிலா நிரலிலா என்று தெரியாமல் மாணவர் சரியான நிரலை அழித்து அழித்து எழுதிக்கொண்டிருப்பார். வயர் இணைப்பே புதிதாக இருக்கும் வகுப்புக்கு மைக்ரோபிட் போன்ற போர்டுகள் ஏற்றவை. மைக்ரோபிட்டில் 25 எல்ஈடி விளக்குகள், இரண்டு பொத்தான்கள், அசைவை உணரும் சென்சார் ஆகியவை போர்டிலேயே இருப்பதால், ஒரு வயர்கூட இல்லாமல் பல பாடங்களை நடத்திவிடலாம்.

வயது, குழு, போட்டி

ஸ்கிராட்ச் ஜூனியர் 5 முதல் 7 வயதினரையும், ஸ்கிராட்ச் 8 முதல் 16 வயதினரையும் மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டவை. “எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பிலேயே பைத்தான்” என்ற விளம்பரத்துக்காக இந்தப் படிகளைத் தாண்டி, கட்டளைகளைத் தட்டச்சு செய்தே எழுத வேண்டிய பைத்தான் மொழிக்குப் போனால், விசைப்பலகையில் எழுத்தைத் தேடுவதிலும் விடுபட்ட அடைப்புக்குறியைக் கண்டுபிடிப்பதிலுமே குழந்தையின் கவனம் முழுவதும் தீர்ந்துவிடும்.

ஒரு கணினிக்கு நான்கு பேர் என்ற ஏற்பாட்டில் ஒருவர் இயக்குவார், இருவர் பார்ப்பார்கள், ஒருவர் சன்னலைப் பார்ப்பார். பல வகுப்புகளில் மவுஸும் ரோபோவும் மாணவர்கள் கையிலும், குறிப்பெடுப்பதும் அலங்கரிப்பதும் மாணவிகள் பொறுப்பிலும் போய் நின்றுவிடுவதை யாரும் திட்டமிடுவதில்லை. யாரும் தடுப்பதும் இல்லை. இருவர் இருவராக அமர்த்தி, இயக்குபவரும் வழிசொல்பவரும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும் என்று மணியடித்தே நடத்துவது சற்றுக் கெடுபிடியாகத் தோன்றலாம். ஆனால் அது பலன் தருகிறது. போட்டிகளிலும் இதே சிக்கல் இருக்கிறது. கோப்பைக்காக ஆறு பேரைத் தேர்ந்தெடுத்து, எல்லாக் கிட்டுகளையும் ஆசிரியரின் மாலை நேரங்களையும் அவர்களுக்கே கொடுத்துவிட்டு, அதைப் பள்ளியின் ரோபாட்டிக்ஸ் திட்டம் என்று அழைப்பது மற்ற மாணவர்களுக்குச் செய்யும் அநீதி.

பெரிய வாக்குறுதிகளும் மதிப்பீடும்

கோடிங் கற்றால் கணக்கு வரும், திட்டமிடும் திறன் வளரும் என்றெல்லாம் பெற்றோருக்கு உறுதியளிப்பதைத் தவிர்க்க வேண்டும். குழந்தைகளுக்காக 1967-இல் உருவான லோகோ என்ற நிரல் மொழியைப் பற்றியும் இப்படித்தான் பேசப்பட்டது. நியூயார்க்கில் ராய் பீயும் மிடியன் கர்லண்டும் 1980-களில் நடத்திய ஆய்வில், ஓராண்டு லோகோ கற்ற மாணவர்கள் வகுப்பறை வேலைகளைத் திட்டமிடும் சோதனையில் கல்லாதவர்களைவிடச் சிறப்பாகச் செய்யவில்லை. ஒரு துறையில் பழகிய சிந்தனை இன்னொன்றுக்குத் தானாகத் தாவுவதில்லை. தாவ வேண்டுமானால், அந்த இணைப்பை ஆசிரியர் வெளிப்படையாக எடுத்துக்காட்டிப் பயிற்சி தர வேண்டும்.

மதிப்பெண்ணை முடிந்த ரோபோவுக்கு மட்டும் கொடுத்தால், முடித்துத் தரும் கைகள் வீட்டில் முளைக்கும். இப்போது செயற்கை நுண்ணறிவு அரட்டைச் செயலிகளும் சில வினாடிகளில் நிரலை எழுதித் தருகின்றன. தடை போடுவது எளிது, காவல் காப்பது கடினம். அதைவிட, மாணவர் கொண்டுவந்த நிரலில் ஒரு வரியை ஆசிரியர் மாற்றிவிட்டு, இனி என்ன நடக்கும் என்று கேட்பது யார் எழுதியது என்பதைச் சில நிமிடங்களில் காட்டிவிடும். எந்தப் பிழை வந்தது, எதைச் சோதித்தேன், எது காரணமாக இருந்தது என்று மாணவர் எழுதும் பிழைக்குறிப்பேட்டுக்கு மொத்த மதிப்பெண்ணில் பாதியைக்கூட ஒதுக்கலாம்.

மாணவர் பெயரில் இணையக் கணக்குகள் தொடங்குமுன், அந்தச் சேவை எந்தத் தகவல்களைச் சேகரிக்கிறது, எந்த வயதிலிருந்து அனுமதிக்கிறது, பெற்றோரின் ஒப்புதல் வேண்டுமா என்று படித்துப் பார்க்க வேண்டும். பெயரும் பிறந்தநாளும் கேட்கும் இலவசச் செயலியைவிட, கணக்கே தேவைப்படாத மென்பொருள் சிறந்தது.

கடைசியாக, கால அட்டவணை. நாற்பது நிமிட வகுப்பில் பெட்டியைத் திறந்து பாகங்களைத் தேடப் பத்து நிமிடமும், திரும்ப அடுக்கிவைக்கப் பத்து நிமிடமும் போனால், பிழை தேட எஞ்சுவது இருபது நிமிடம். பெரும்பாலும் பிழை தென்படும்போது மணி அடித்துவிடும். வாரத்துக்கு இரண்டு தனி வகுப்புகளுக்குப் பதிலாக ஒரே நாளில் அடுத்தடுத்து இரண்டு வகுப்புகள் ஒதுக்குவதும், எண்ணிட்ட பெட்டிகளை ஒவ்வோர் அணிக்கும் நிலையாகக் கொடுப்பதும், பாதி முடிந்த ரோபோவைக் கலைக்காமல் அடுத்த வாரம்வரை வைக்க ஓர் அலமாரி ஏற்படுத்துவதும், புதிய கிட் வாங்குவதற்கு முன்பே செய்து முடிக்கக்கூடிய காரியங்கள்.