ஒழுகும் கேம்பர் வான்: பழைய பொருத்துகளைச் சுரண்டிப் புதிதாக அடைத்தல்

மழைக்கு ஒழுகும் வாகனத்தில் தண்ணீர் சொட்டும் இடம் ஒன்று, அது உள்ளே புகும் இடம் வேறொன்று. கூரைத் தகட்டின் மூலையில் மயிரிழை அளவு பிளந்த பொருத்தினூடாகப் புகும் நீர், தகட்டுக்கும் உட்கூரைப் பலகைக்கும் இடையே சட்டங்களைப் பிடித்துக்கொண்டு நான்கைந்து அடி ஓடி, கட்டிலுக்கு மேலுள்ள விளக்கின் திருகாணித் துளையில் வந்து சொட்டும். சரிவில்லாத முற்றம் கிடைப்பதே அரிதான இலங்கை மலையகத்தில் இந்தக் குழப்பம் இரட்டிப்பாகும். பழைய சிறிய பஸ் ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிக் கட்டிலும் அடுப்பும் பொருத்திய என்னுடைய கேம்பர் வான், ஹட்டனில் வீட்டு வாசலில் முகம் பள்ளத்தை நோக்கி நின்றபோது சாரதி ஆசனத்துக்கு மேல் ஒழுகியது; திருப்பி நிறுத்தியதும் அங்கே காய்ந்து பின்கதவுக்கு மேல் ஒழுகியது. இரண்டு ஓட்டைகள் என்று எண்ணி இரண்டு இடத்திலும் பூசினேன். உண்மையில் ஓட்டை ஒன்றுதான். அது நடுக்கூரையில், காற்றோட்டத்துக்காக வெட்டிப் பொருத்திய மூடியின் சட்டத்துக்கு அடியில் இருந்தது.

எனவே பொருத்துகளை அடைக்கும் பசையான சீலன்ட்டை வாங்குவதற்கு முன் ஓட்டையைக் கண்டுபிடிக்க வேண்டும். வாகனத்தைக் கூடியவரை சமமான இடத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, உள்ளே ஒருவரை டோர்ச்சுடன் உட்கார வைத்துவிட்டு, வெளியிலிருந்து ஹோஸ் குழாயால் மெல்லிய நீரை விடுங்கள். கீழிருந்து மேலாகச் செல்வதே முறை: முதலில் ஜன்னலின் அடிவிளிம்பு, பிறகு பக்கங்கள், பிறகு மேல்விளிம்பு, கடைசியாகக் கூரை. மேலிருந்து தொடங்கினால் வழிந்து வரும் நீர் எல்லாப் பொருத்துகளையும் நனைத்துவிடுவதால் எது குற்றவாளி என்று தெரியாது. ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடமாவது பொறுத்திருங்கள். எங்கள் வண்டியில் எட்டாவது நிமிடத்தில்தான் உள்ளிருந்த பையன், “அண்ணே, தண்ணி லைட்டு ஓட்டைக்குள்ளதான் வருது” என்று கத்தினான். சமதரையில் ஒன்றும் தெரியாவிட்டால், முன்பக்கம் தாழ்ந்தும் பின்பக்கம் தாழ்ந்தும் நிறுத்தி மீண்டும் பார்க்க வேண்டும். இன்னொரு வழி, ஜன்னல்களையும் கதவுகளையும் இறுக மூடி, வெளிக்காற்றை உள்ளிழுக்கும் நிலையில் புளோவரை முழு வேகத்தில் விட்டு, சவர்க்கார நீரைப் பொருத்துகளின் மேல் தூரிகையால் தடவுவது. காற்று வெளியேறும் இடத்தில் சிறு குமிழிகள் எழும்பும்.

உள்ளே பலகை வேலைப்பாடு இருந்தால் கையால் அழுத்தியும், திருப்புளிப் பிடியால் தட்டியும் பாருங்கள். நல்ல பலகை கணீரென்று ஒலிக்கும். ஊறிப்போன பலகை மந்தமாக ஒலிப்பதோடு விரலுக்கு அமுங்கியும் கொடுக்கும். அப்படியான இடத்தில் பலகையைக் கழற்றிக் காயவிடாமல் வெளியே அடைத்தால், ஈரத்தை உள்ளே பூட்டி வைத்ததாகிவிடும்.

அடுத்து, நாட்களைத் தேர்ந்தெடுப்பது. தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை மேற்குச் சரிவில் இறங்குவதால் வட்டவளை, ஹட்டன், மஸ்கெலியாப் பக்கங்களில் அந்த மாதங்களில் இவ்வேலையை நினைக்கவே வேண்டாம்; பெப்ரவரியும் மார்ச் முற்பகுதியுமே அங்கு ஏற்ற காலம். மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் காலை வெயிலை நம்பி ஏமாறக்கூடாது, பின்னேரத்தில் இடியுடன் மழை வந்துவிடும். ஊவாப் பகுதியிலுள்ள பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கத்தார் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையான உலர்காலத்தைப் பயன்படுத்தலாம். ஊவாத் தேயிலைக்கு மணம் சேர்க்கும் அதே காற்று தூசியையும் அள்ளி வந்து ஈரச் சீலன்ட்டில் ஒட்டவைக்கும் என்பதால் காற்றுக்கு மறைவான இடம் தேவை. எங்கு செய்தாலும் காலை பத்து மணிக்கு முன் தொடங்காதீர்கள். தகடு தொடுவதற்குக் குளிராக மட்டுமே தோன்றும். கண்ணுக்குத் தெரியாத பனியீரம் அதன் மேல் படிந்திருக்கும். மூடுபனி இறங்கும் முன், பின்னேரம் மூன்று மணியளவில் நிறுத்திவிடுவதும் நல்லது.

இனி, இந்த வேலையின் முக்கால் பங்கு பழையதைச் சுரண்டுவதுதான். பழையதன் மேலேயே புதியதை இழுத்துவிடுவதற்குக் கராஜில் ஆள் சுலபமாகக் கிடைப்பார். எனக்கும் ஒருவர் அப்படிச் செய்து கொடுத்தார், அடுத்த மழைக்காலத்தில் அது நாடாவைப் போல் முழு நீளத்துக்கும் உரிந்து வந்தது. புதிய சீலன்ட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அடியில் இருக்கும் பழையது தகட்டை எவ்வளவு பிடித்திருக்கிறதோ அவ்வளவுதான் அதுவும் பிடிக்கும். பிளாஸ்டிக் சுரண்டியோ, பழைய வங்கி அட்டையோ, விளிம்பை மழுக்கிய புட்டிக் கத்தியோ கொண்டு சிறிது சிறிதாக எடுங்கள். இறுகிய பொலியுரித்தேன் வகைச் சீலன்ட்டை ஹீட் கன்னால் லேசாகச் சூடாக்கினால் இளகும். ஆனால் பைபர் கிளாஸ், பிளாஸ்டிக் பாகங்களின் அருகே சூட்டைக் கொண்டுபோகக் கூடாது.

மிகவும் தொல்லை தருவது சிலிக்கன். குளியலறைக்கு வாங்கும், வினாகிரி மணம் வீசும் சிலிக்கனை யாரோ எப்போதோ பூசியிருந்தால், கண்ணுக்குத் தெரிந்ததையெல்லாம் சுரண்டிய பிறகும் கண்ணாடிபோன்ற மெல்லிய படலம் ஒன்று எஞ்சும். அதன் மேல் பெயின்ட்டோ வேறு சீலன்ட்டோ ஒட்டாது. உலரும்போது அது விடும் அமிலம் தகட்டில் துருவையும் தூண்டும். சுரண்டிய இடத்தில் விரலால் ஒரு துளி நீரைத் தடவிப் பாருங்கள்: நீர் பரந்து நின்றால் இடம் சுத்தம், சேம்பிலையில் நிற்பதுபோல் உருண்டு திரண்டால் சிலிக்கன் இன்னும் இருக்கிறது. அப்படியானால் சாண்ட் பேப்பரால் தேய்த்து, துடைத்து, மீண்டும் நீரைத் தடவிப் பார்க்க வேண்டும். என் வண்டியின் வலப்பக்கக் கூரை விளிம்பு மட்டுமே இந்த வகையில் ஒரு முழுநாளை விழுங்கியது.

சுரண்டும்போது துரு தென்பட்டால் பிரகாசமான இரும்பு தெரியும்வரை தேய்த்து, எப்பொக்சி பிரைமர் பூசி, அது நன்றாகக் காய்ந்த பின்னரே அடைக்க வேண்டும். தகடு ஓட்டையாகிப் போயிருந்தால் அது டிங்கரிங் வேலை. சீலன்ட் தகட்டுக்கு மாற்றாகாது. சுத்தமான இடத்தை ஸ்பிரிட் தோய்ந்த வெள்ளைத் துணியால் துடைத்து, முழுவதும் ஆவியாக விடுங்கள். அக்ரிலிக் ஜன்னல்களையும் கூரை மூடிகளையும் தின்னரோ ஸ்பிரிட்டோ தொடக்கூடாது, நுண்ணிய வெடிப்புகள் விழும்; அவற்றுக்குச் சவர்க்கார நீரே போதும்.

எந்த இடத்துக்கு எது என்பதில் தவறக்கூடாது. கழற்றி மாட்டக்கூடிய சட்டங்கள், மூடிகள், விளக்குகள், கூரைக் கரியரின் கால்கள் ஆகியவற்றின் அடியில், ஒட்டும் இறப்பர் பட்டையான பியூட்டைல் நாடா வைக்க வேண்டும். அது எக்காலமும் கல்லாக இறுகாமல் பசையாகவே இருக்கும், பிறகு கழற்றவும் விடும். தகட்டோடு தகடு சேரும் நிரந்தரப் பொருத்துகளுக்குப் பொலியுரித்தேன் ஏற்றது. இறம்பொடை வளைவுகளில் ஏறி இறங்கும்போது நீண்ட உடல்கொண்ட வாகனம் முறுக்கிக் கொடுக்கும். அந்த முறுக்கலோடு இழுபட்டு மீளும் தன்மை அதற்கு உண்டு. இறப்பர் விரிப்புக் கூரையுள்ள வெளிநாட்டு மோட்டார் ஹோம் வைத்திருப்போர், அந்தக் கூரைக்கென்றே விற்கப்படும் தானாகப் பரவும் சீலன்ட்டையே தேட வேண்டும்.

பியூட்டைல் நாடா மலைக்குளிரில் விறைத்துப்போகும் என்பதால் சிறிது நேரம் வெயிலில் வைத்து எடுங்கள். சட்டத்தின் அடியில், திருகாணித் துளைகளைச் சுற்றி இடைவெளியில்லாமல் ஒட்டி, மூலைகளில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் முனையோடு முனை சேர்த்து அழுத்தி, திருகாணிகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். சுற்றிலும் பசை சமமாகப் பிதுங்க வேண்டும்; ஒரு பக்கம் பிதுங்காவிட்டால் அங்கே நாடா போதவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடியும் இறுக்கி, பிதுங்கியதை வெட்டிவிடலாம்.

பொலியுரித்தேன் குழாயை வெதுவெதுப்பான அறையில் வைத்திருந்து எடுத்தால் சீலன்ட் கன்னிலிருந்து சீராக வரும். பொருத்தின் இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, குழாயின் மூக்கைச் சாய்வாக வெட்டி, கையை நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக இழுங்கள். சவர்க்கார நீரில் நனைத்த விரலால், கையுறையோடு, ஒரே முறை மென்மையாக அழுத்தி, சீலன்ட் தோல் கட்டும் முன் டேப்பை உரித்துவிட வேண்டும். காயாத பொலியுரித்தேனை ஸ்பிரிட்டால் வழவழப்பாக்கக் கூடாது. அது இறுகுவதையே கெடுக்கும். இது காற்றின் ஈரத்தை உறிஞ்சி இறுகும் பொருள். 23 பாகை செல்சியஸில் நாளொன்றுக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் ஆழம்வரை இறுகும். 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில், புல்லில் உறைபனி படியும் பெப்ரவரி இரவுகளில், அதற்கு இருமடங்கு நாள் கொடுங்கள். மேலே படங்கு கட்டினால் சீலன்ட்டில் படாமல் உயர்த்திக் கட்டுங்கள்.

ஜன்னல் சட்டங்களின் அடியிலுள்ள சிறு வடிகால் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். உள்ளே புகுந்த நீர் வெளியேறுவதற்கென்றே அவை வைக்கப்பட்டவை. அடைத்தால் அந்த நீர் உள்பக்கமாகத் திரும்பும். துளையில் பாசியும் மண்ணும் இருந்தால் மெல்லிய கம்பியால் குத்தித் துப்புரவாக்குங்கள்.

ஒரு வாரம் கழித்து அதே ஹோஸ் குழாயால், அதே ஒழுங்கில், வாகனத்தை மூன்று நிலைகளிலும் நிறுத்திச் சோதியுங்கள். பிறகு ஏப்ரலில் ஒரு முறையும் ஒக்டோபரில் ஒரு முறையும் ஏணி வைத்துக் கூரையைப் பார்த்தால் போதும். முதலில் பார்க்க வேண்டியவை கூரையின் நான்கு மூலைகளும் கரியரின் கால்களும். வெடிப்பு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.