டுப்ரோவ்னிக்குக்கு இரண்டு மூன்று நாள் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டுப்ரோவ்னிக் சின்ன ஊர். குரோஷியாவின் தென்கோடியில், அட்ரியாட்டிக் கடலோரத்தில், மதிலுக்குள் அடங்கிய பழைய நகரத்தை நடந்தே பத்து நிமிடத்தில் கடந்துவிடலாம். நடுவில் ஓடும் ஸ்ட்ராடுன் தெரு சுமார் 300 மீட்டர்தான். இதைக் கேட்டதும் “அரை நாள் போதும், பார்த்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடலாம்” என்று பலர் திட்டம் போடுகிறார்கள். மற்ற தவறுகளில் பாதி இந்த ஒன்றிலிருந்துதான் வருகின்றன.

அரை நாளுக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வருகிறார்கள்: காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் நான்கு வரை. சொகுசுக் கப்பல் பயணிகளும் அப்போதுதான் இறங்குவார்கள். கூட்டம் தாங்காமல் 2019இல் நகராட்சி, ஒரே நேரத்தில் இரண்டு கப்பல், அதிகபட்சம் 4,000 கப்பல் பயணிகள் என்று வரம்பு வைத்தது. அப்படியும் ஜூலை, ஆகஸ்ட் நண்பகலில் பழைய நகரத்தின் மேற்கு வாசலான பிலே வாசலில் தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் நுழைய வேண்டும். அதே ஊர் காலை ஏழு மணிக்கு வேறு ஊர். சந்துகளில் ஆளே இருக்க மாட்டார்கள், கடைக்காரர்கள் கதவு திறந்துகொண்டிருப்பார்கள். அதனால் இரண்டு இரவாவது அங்கேயே தங்குங்கள். விடியலும் மாலையும் ஊருக்கு, நண்பகல் கடலுக்கோ லோக்ரும் தீவுக்கோ என்று நாளைப் பிரித்துக்கொண்டால் சரியாக இருக்கும். லோக்ருமுக்குப் பழைய துறைமுகத்திலிருந்து படகில் கால் மணி நேரம்தான். ஆனால் தீவில் இரவு தங்க அனுமதி இல்லை. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று போகும்போதே கேட்டுவிடுங்கள். குளிர்காலத்தில் அந்தப் படகு ஓடாது.

மதில் நடையை நண்பகலில் வைத்துக்கொள்வது அடுத்த பெரிய தவறு. சுற்றளவு சுமார் 1,940 மீட்டர், நிழல் மிகக் குறைவு, கல் சூடேறிவிடும். நின்று பார்த்துப் போக இரண்டு மணி நேரம் ஆகும். ஒரே திசையில்தான் நடக்க விடுவார்கள், கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்த்திசையில். பெரும்பாலோர் பிலே வாசல் பக்கம் ஏறுகிறார்கள். அங்கே ஏறினால் கடலோரப் பகுதி முதலில் வரும், உச்சியில் இருக்கும் மின்செட்டா கோபுரத்துக்கான ஏற்றம் களைத்துப்போன பிறகு கடைசியில் வரும். கிழக்கே ப்ளோச்சே பக்கம் ஏறினால் அந்த ஏற்றம் முதலிலேயே முடிந்துவிடும், அப்புறம் கடலைப் பார்த்தபடி இறங்கி வரலாம். நடுவில் வெளியே இறங்கிவிட்டால் அதே சீட்டில் மறுபடி ஏற முடியாது.

சீட்டு விலையும் லேசானது இல்லை. பருவ காலத்தில் 35 யூரோவுக்குக் குறையாது. மதிலுக்கு மட்டும் தனியாக வாங்காமல் ‘டுப்ரோவ்னிக் பாஸ்’ விலையை முதலில் பாருங்கள். ஒரு நாள் பாஸ் கிட்டத்தட்ட அதே விலைதான், அதிலேயே மதில், சில அருங்காட்சியகங்கள், நகரப் பேருந்து எல்லாம் அடக்கம். தண்ணீரைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதே இல்லை. பிலே வாசலுக்குள் இருக்கும் ஓனோஃப்ரியோ நீரூற்றில் குப்பியை நிரப்பிக்கொள்ளலாம். சுமார் 12 கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்த 15ஆம் நூற்றாண்டுத் திட்டத்தின் முனை அது.

தங்குமிடம் தேடும்போது ‘பழைய நகரம்’ என்ற சொல்லை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். ஸ்ட்ராடுனுக்கு வடக்கே உள்ள சந்துகள் எல்லாமே படிக்கட்டுகள். கார் உள்ளே வராது, பெட்டியை நீங்கள்தான் தூக்க வேண்டும். வாசலிலிருந்து அறை வரை எத்தனை படி என்று வீட்டுக்காரரிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வயதான அப்பா அம்மாவோடு போகிறீர்கள் என்றால் லபாட் பகுதிதான் நல்லது. கடற்கரை பக்கத்திலேயே இருக்கிறது, பிலே வாசலுக்கு 6ஆம் எண் பேருந்து இருக்கிறது. செருப்பிலும் கவனம் வேண்டும். பழைய நகரத்தின் தெருக்கள் மக்கள் நடந்து நடந்து மெருகேறிய சுண்ணாம்புக் கல், மழை பெய்தால் வழுக்கும்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் விசாவில் செய்யும் தவறுக்குத்தான் விலை அதிகம். 2023 ஜனவரி 1 முதல் குரோஷியா, ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போக முடிகிற ஷெங்கன் பகுதியில் இருக்கிறது, அன்றிலிருந்து நாணயமும் யூரோதான். ஷெங்கன் விசா போதும். ஆனால் அங்கே போனதும் எல்லாரும் மாண்டினீக்ரோவில் உள்ள கோட்டோருக்கோ, போஸ்னியாவில் உள்ள மோஸ்தாருக்கோ ஒரு நாள் சுற்றுலா விற்பார்கள். இரண்டுமே ஷெங்கனுக்கு வெளியே இருப்பவை. உங்களுடையது ஒருமுறை நுழைவு விசா என்றால், அங்கே போய்விட்டுத் திரும்பி டுப்ரோவ்னிக்குக்குள் வர முடியாது. விண்ணப்பிக்கும்போதே பலமுறை நுழைவு கேளுங்கள்.

ரயில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், இந்த ஊருக்கு ரயில் கிடையாது. குரோஷியாவின் இன்னொரு கடலோர நகரமான ஸ்பிளிட்டிலிருந்து பேருந்திலோ காரிலோ வரலாம். 2022 ஜூலையில் பெல்யேஷாட்ஸ் பாலம் திறந்ததிலிருந்து போஸ்னிய எல்லையைத் தொடாமலே வர வழி இருக்கிறது. ஆனால் எல்லாப் பேருந்தும் அந்த வழியாகப் போகும் என்று நினைத்துவிடாதீர்கள், ஒருமுறை நுழைவு விசாக்காரர்கள் கேட்டுவிட்டு ஏறுவது நல்லது. ஸ்பிளிட்டிலிருந்து வரும் விரைவுக் கப்பல் க்ரூஜ் துறைமுகத்தில் நிற்கும், பழைய துறைமுகத்தில் இல்லை.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இன்னொன்று. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொலைக்காட்சித் தொடர் எடுத்த இடங்களை மட்டும் தேடிப் படம் பிடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அண்மைக் காலம் வரை காயம்பட்ட ஊர் இது. 1979இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த நகரத்தை 1991 அக்டோபரில் யூகோஸ்லாவிய ராணுவம் முற்றுகையிட்டது. மின்சாரமும் தண்ணீரும் இல்லாமல் மக்கள் மதிலுக்குள் ஒடுங்கிக் கிடந்தார்கள். டிசம்பர் 6ஆம் தேதி விழுந்த குண்டுகள்தான் மிகக் கொடியவை. மதில்மேல் நடக்கும்போது கூரைகளைக் கவனியுங்கள். பளிச்சென்ற செம்மஞ்சள் ஓடுகள் போருக்குப் பின் வேய்ந்தவை, நிறம் மங்கியவை தப்பிப் பிழைத்தவை. பளிச்சென்றவை எவ்வளவு அதிகம் என்று பார்த்தாலே நடந்தது புரியும். எந்தக் கட்டடத்தில் குண்டு விழுந்தது என்று காட்டும் வரைபடம் வாசலருகே சுவரில் இருக்கிறது, அதைப் படித்துவிட்டு ஏறுங்கள். ஸ்பான்சா மாளிகையில், ஊரைக் காத்து உயிரிழந்தவர்களின் படங்கள் மாட்டிய அறை ஒன்று உண்டு. கேபிள் காரில் ஏறினால் 412 மீட்டர் உயர ஸ்ர்ஜ் மலையில், நெப்போலியன் காலத்துக் கோட்டைக்குள் போர் அருங்காட்சியகம் இருக்கிறது. சூரிய அஸ்தமனத்துக்கு மட்டும் மேலே போகாமல் ஒரு மணி நேரம் முன்னதாகப் போனால் அதையும் பார்த்துவிடலாம்.

ப்ளோச்சே வாசலுக்கு வெளியே உள்ள லசாரெட்டி கட்டடங்களையும் தாண்டிப் போய்விடாதீர்கள். கொள்ளைநோய் பரவிய ஊர்களிலிருந்து வருகிறவர்கள் 30 நாள் தனித்திருந்த பிறகே உள்ளே வரலாம் என்று 1377லேயே சட்டம் போட்ட ஊர் இது. அந்த வழக்கத்துக்காகப் பின்னாளில் எழுப்பியவைதான் அந்தக் கல் கட்டடங்கள்.

மாதத்தைப் பொறுத்தவரை மே அல்லது செப்டம்பர் கடைசி என்றால் யோசிக்காமல் போகலாம். நவம்பரில் அறை வாடகை குறையும், ஆனால் தெற்கிலிருந்து வீசும் ‘யூகோ’ காற்று மழையோடு வந்தால் படகுகள் நின்றுவிடலாம், கேபிள் காரும் நிற்கலாம். அந்த மாதத்தில் போவதானால் மதிலையும் மலையையும் முதல் நாளிலேயே முடித்துவிடுங்கள்.