லினக்ஸில் கம்ப்யூட்டரை அணைக்காமல் வரைகலைத் திரையை மட்டும் நிறுத்தி, மீண்டும் தொடங்குவது எப்படி?

உபுண்டுவில் கிராபிக்ஸ் டிரைவரைக் கையால் நிறுவப் போனேன். எக்ஸ் சர்வர் (திரையில் வரைகலையைக் காட்டும் நிரல்) ஓடிக்கொண்டிருக்கிறது, முதலில் அதை நிறுத்து என்று சொல்லி நிறுவல் பாதியில் நின்றுவிட்டது. ரீஸ்டார்ட் செய்தாலும் டெஸ்க்டாப்தான் மறுபடி வந்து நிற்கும். நிறுத்த வேண்டியது டிஸ்ப்ளே மேனேஜர் என்ற, பின்னணியில் ஓடும் சர்வீஸை. லாகின் திரையைக் காட்டி, டெஸ்க்டாப்பைத் தொடங்கி வைப்பது அதுதான். உபுண்டுவில் அதன் பெயர் ஜிடிஎம்3, லினக்ஸ் மின்ட்டில் லைட்டிஎம், கேடிஇ டெஸ்க்டாப் என்றால் பெரும்பாலும் எஸ்டிடிஎம்.

திறந்திருக்கும் கோப்புகளை முதலில் சேமித்துவிடுங்கள். திரை போனால் பிரவுசர், பாதி எழுதிய கட்டுரை எல்லாமே கூடப் போய்விடும்.

அப்புறம் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். சில லேப்டாப்பில் எஃப்என் விசையும் தேவைப்படும். கறுப்புத் திரையில் பயனர் பெயர் கேட்கும். பாஸ்வேர்டு தட்டும்போது நட்சத்திரக் குறிகூட வராது, அது வழக்கம்தான், தட்டி முடித்து என்டர் கொடுங்கள். பிறகு இந்தக் கட்டளை, ஆங்கிலச் சின்ன எழுத்தில்:

சூடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் டிஸ்ப்ளே-மேனேஜர் (sudo systemctl stop display-manager)

டிஸ்ப்ளே, மேனேஜர் நடுவே இணைப்புக்கோடு உண்டு. ஜிடிஎம்3 என்று நேரடியாகவும் கொடுக்கலாம், ஆனால் எனக்கு இந்தப் பொதுப்பெயர்தான் பிடிக்கும், எந்த மேனேஜர் ஓடினாலும் இதுவே போதும்.

நான் மாட்டிக்கொண்ட இடத்தைச் சொல்லிவிடுகிறேன். எஃப்3 பக்கம் போகாமல், டெஸ்க்டாப்பில் இருந்த டெர்மினல் ஜன்னலிலேயே இதைத் தட்டிவிட்டேன். அந்த ஜன்னலும் அதே வரைகலைத் திரைமேல்தானே ஓடுகிறது, அதுவும் சேர்ந்து மறைந்தது. இருட்டில் இடது மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மின்னிக்கொண்டிருக்க, பத்து நிமிடம் பார்த்துவிட்டு பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தேன். அது தேவையே இல்லை. உள்ளே சிஸ்டம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, கண்ட்ரோல் ஆல்ட் எஃப்3 அழுத்தியிருந்தால் எழுத்துத் திரை வந்திருக்கும். முறையாகச் செய்பவர்களுக்கும் நிறுத்தியவுடன் சில நேரம் இதே இருட்டு வரும், அப்போதும் அதே மூன்று விசைதான்.

வேலை முடிந்ததும் ஸ்டாப் இருந்த இடத்தில் ஸ்டார்ட் போட்டு அதே கட்டளை, லாகின் திரை வந்துவிடும். திரை உறைந்து போனதால் நிறுத்தித் தொடங்கினால் போதும் என்பவர்கள் ரீஸ்டார்ட் என்று ஒரே வரியில் முடித்துக்கொள்ளலாம். விசைப்பலகையே வேலை செய்யவில்லை என்றால் ஆண்ட்ராய்டு ஃபோனில் டெர்மக்ஸ் என்ற டெர்மினல் ஆப் வழியாக எஸ்எஸ்ஹெச்-இல் (நெட்வொர்க் வழியே இன்னொரு கம்ப்யூட்டருக்குள் நுழையும் முறை) நுழைந்து இதையே கொடுக்கலாம், ஆனால் கம்ப்யூட்டரில் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் சர்வர் முன்பே நிறுவியிருக்க வேண்டும். லினக்ஸ் போட்ட அன்றைக்கே அதை நிறுவி வையுங்கள்.

பின்சேர்க்கை: திரையைத் திரும்பக் கொண்டுவர சூடோ ஸ்டார்ட்எக்ஸ் (வரைகலைத் திரையை நேரடியாகத் தொடங்கும் கட்டளை) என்று தட்டிய ஒருவருக்கு, அதன்பிறகு சரியான பாஸ்வேர்டு கொடுத்தாலும் லாகின் திரையே திரும்பத் திரும்ப வந்ததாம். ஹோம் கோப்புறையில் இருக்கும் .எக்ஸ்அதாரிட்டி (.Xauthority) என்ற மறைகோப்பு ரூட் என்ற நிர்வாகி பெயருக்கு மாறிவிடுவதால் வரும் சிக்கல் இது. எஃப்3 திரையில் நுழைந்து அந்தக் கோப்பை நீக்கிவிடுங்கள், அடுத்த லாகினில் புதிதாக உருவாகிவிடும்.